மச்சுக்கு மேலே இருந்தவள்

சீரகச் சம்பா வடிக்கிற மணம் வந்தால் எல்லோரும் அடுப்படிப் பக்கம் திரும்புவார்கள்; நான் அண்ணாந்து பார்ப்பேன். இப்போது நான் குடியிருக்கும் நகரத்து அடுக்குமாடியில் என் தலைக்கு மேல் இருப்பது இன்னொருவர் வீட்டுத் தரை, ஓடும் கிடையாது, உத்திரமும் கிடையாது, ஆனாலும் போன வாரம் பக்கத்து வீட்டுக் கதவிடுக்கில் கசிந்து வந்த அந்த மணத்துக்கு என் கழுத்து தானாக நிமிர்ந்தது. கம்பத்தில், நான் ஆறாவது படித்த வருஷம், மழைக்காலம் தொடங்கியிருந்த அந்த நாட்களில், எங்கள் வீட்டில் அந்த மணம் அடுப்பிலிருந்து வரவில்லை. அடுப்பு அணைந்து கிடக்கும் சாயங்காலங்களில், மேற்கு மலைக்குப் பின்னால் வெளிச்சம் இறங்கும்போது, ஓட்டுக்கும் பலகைக்கும் இடையில் இருந்த மச்சிலிருந்து வந்தது.

முதலில் அதை மோந்தவள் மைமூன் அக்கா. தலைப்பிரசவத்துக்கு, மலைமேல் கேரள எல்லையில் இருக்கும் குமுளியிலிருந்து வந்து, ஆண் பிள்ளை பெற்று, கடைசி அறையில் படுத்திருந்தாள். பிள்ளைபெற்றவளுக்கு "நாப்பது" என்று ஒரு கணக்கு எங்களிடம் உண்டு. நாற்பது நாள் முடிகிறவரை தாய்வீட்டுப் படியைத் தாண்டக் கூடாது, அடுப்படிக்குள் நுழையக் கூடாது, யாரும் அவளை ஒரு வேலை ஏவக் கூடாது. கல்யாணமாகிப் போனபின் அக்கா எங்களோடு சேர்ந்தாற்போல் இருந்ததே அந்த நாட்களில்தான். அவள் பின்னலை நான் அவிழ்த்து அவிழ்த்துப் பின்னிக்கொண்டிருந்தேன். நாற்பது என்பது முடியவே முடியாத எண் என்று நினைத்திருந்தேன்.

அத்தாவுக்கு, அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம், ஏலக்காய் வியாபாரம். அம்மா கேலி செய்தாள்: "ஏலக்காய மோந்து பாத்தே எந்தத் தோட்டத்துச் சரக்குன்னு சொல்றவுக, சொந்த மச்சுல என்ன இருக்குன்னு மோந்து பாக்க மாட்டாகளோ?"

அத்தா ஏணி போட்டு, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு ஏறினார். இறங்கும்போது தலைமுடியெல்லாம் ஒட்டடை, முகத்தில் ஒரு தினுசான சிரிப்பு. "மரநாயி. ஒத்தையில்ல, குட்டி போட்டிருக்கு. மூணு. இன்னும் கண்ணு முழிக்கல."

திராட்சைப் பந்தலிலும் பப்பாளி மரத்திலும் திருட்டுத்தனமாகத் தின்று வாழும், பூனையைவிட நீளமான, கரிய முகமூடி போட்டாற்போன்ற அந்தச் சீவன் மேல்தான் அந்தச் சோற்று மணம் இருந்தது. சாயங்காலம் ஓட்டின் விளிம்பில் இருந்த ஓட்டை வழியாக இரைக்குப் போய், விடிவதற்குள் திரும்பிவிடும்.

செய்தி கேட்டு வந்தவர் பக்கத்து வீட்டு வேலுச்சாமி மாமா. வாழைத்தார் மண்டி வைத்திருந்தார், அவர் பேசினால் தெருவுக்கே கேட்கும்.

"என்ன ராவுத்தரே, வீட்டுக்குள்ள பண்ணை வச்சிருக்கீகளாம்ல? ஒரு சட்டிக் கங்குல நாலு வத்தலக் கிள்ளிப் போட்டு மச்சுல வையுங்க. ஆத்தாளும் பிள்ளையும் அலறிக்கிட்டு ஓடிரும்."

"ஆத்தா ஓடும். கண்ணு முழிக்காத பிள்ளை எங்கன ஓடும்?"

"அப்ப அது இரைக்குப் போனதும் ஓட்டைய அடைங்க."

"உள்ள குட்டி கெடந்து கத்துறதக் கேட்டுக்கிட்டு நாங்க சோறு திங்கவா?" என்றாள் அம்மா.

கடைசி அறையிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "மாமா, மேல இருக்கிறதும் பிள்ளைபெத்தவதான். அதுக்கும் நாப்பது உண்டு, விடுங்க."

மாமா வயிறு குலுங்கச் சிரித்தார். "சரித்தா. அப்ப அதுக்கும் சேத்து மருந்து கிண்டிக் குடுங்க."

இப்படிச் சிரிப்பாகவே போயிருக்கும், அக்காவின் மாமியார் வராமல் இருந்திருந்தால். நல்லெண்ணெயும் கருப்பட்டியும் தூக்கிக்கொண்டு குமுளி ஜீப்பில் வந்து இறங்கினார். பேரனைக் கொஞ்சிக்கொண்டிருந்தபோதே பலகை இடுக்கு வழியாக ஈரம் சொட்டித் தொட்டில் துணியில் விழுந்தது.

"எந்தா இது?" என்று எழுந்தார். அத்தா உள்ளதைச் சொன்னார். "மரப்பட்டியா? ஏலத்தோட்டத்துல கிடக்கிறத மச்சுல வச்சிருக்கீகளே!" கோபமாகத்தான் தொடங்கினார், ஆனால் குரல் இறங்கிவிட்டது. "சண்டை போட வரல சம்மந்தி. எனக்கு ஒரு பிள்ளை தொட்டில்லயே போச்சு. வெள்ளிக்கிழமை வருவேன். ஒண்ணு, அது போயிருக்கணும். இல்லாட்டி இதுக ரெண்டும் எங்கூட வரணும்."

அந்த மச்சு எல்லா அறைகளுக்கும் மேல் ஒரே பலகையாக ஓடியது, தொட்டிலை எங்கே மாற்றினாலும் தலைக்கு மேல் அதுதான். குமுளியிலோ மழை இறங்கியிருந்தது. குளிர், கூட்டுக் குடும்பம், போன மறுநாளே அக்கா அடுப்படியில் நிற்க வேண்டியிருக்கும். நாற்பதில் பாதிகூட ஆகவில்லை.

அத்தா ஒரு வழி யோசித்தார். "இருட்டுன்னுதான் அங்கன வந்து அடைஞ்சிருக்கு. வெளிச்சமும் சத்தமுமா இருந்தா, தானே பிள்ளைகளத் தூக்கிக்கிட்டு வேற எடம் பாக்கும். அடிக்கவும் வேணாம், பிடிக்கவும் வேணாம்." கடைசி அறைச் சுவரில் புதிதாக ஒரு சுவிட்ச் பொருத்தி, ஒயர் இழுத்து, மச்சில் பெரிய பல்பு ஒன்றைத் தொங்கவிட்டார். பக்கத்தில் ரேடியோவையும் வைத்தார். நெல்லுக்கு எப்போது மேலுரம் இடுவது என்பதையெல்லாம் மரநாய் கேட்டுக்கொண்டிருந்தது. மேலே ரேடியோ கத்தக் கத்த, பிள்ளை விழித்துவிடக் கூடாதென்று கீழே அக்கா இன்னும் உரக்கத் தாலாட்டினாள். அம்மா ஓட்டைக்குக் கீழே சுவர்த்தலையில் சாம்பல் தூவி வைத்தாள். விடிந்ததும் நான் ஏறிப் பார்ப்பேன். போன தடம் இருக்கும். திரும்பி வந்த தடமும் இருக்கும்.

"லைட்டப் போட்டு, பாட்டப் போட்டு... கல்யாண வீடுன்னு நெனச்சிருக்கும் ராவுத்தரே" என்றார் மாமா. இந்த முறை அத்தா சிரிக்கவில்லை.

வியாழக்கிழமை பொழுது சாய, அத்தா கங்குச் சட்டியோடு அறை வாசலில் வந்து நின்றார். இன்னொரு கையில் மிளகாய் வற்றல். எறும்பு சாகுமென்று தண்ணீரைப் பார்த்து ஊற்றுகிறவர். "நீயும் பிள்ளையும் மாமா வீட்டுல செத்த இருங்க. ஒரு வார்த்தை சொல்லுத்தா, போட்டுர்றேன்" என்றார். அக்கா அண்ணாந்து பார்த்தாள். மேலே குட்டிகள் கீச்சிட்டன, தாயின் மடியை முட்டுகிறபோது எழும் அந்தச் சின்னச் சத்தம். அவள் மடியில் இருந்ததும் அதே நேரம் சிணுங்கியது. நான் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று என் மனசு அடித்துக்கொண்டது. எனக்கு மரநாய் வேண்டாம், அக்கா வேண்டும்.

"வேணாம்த்தா. நான் போயிக்கிறேன்."

அத்தா சட்டியைக் கொல்லைக்குக் கொண்டுபோய்க் கவிழ்த்துத் தண்ணீர் ஊற்றினார். அந்தச் "சுர்" சத்தம் நெடுநேரம் கேட்டாற்போல் இருந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து ஜீப் வந்தது. சாம்பலில் காலையில் இரண்டு தடமும் இருந்ததை மாமியாரிடம் யாரும் மறைக்கவில்லை. பிள்ளைக்குக் குல்லா மாட்டி, மூன்று துப்பட்டி சுற்றி, அக்காவின் காதில் பஞ்சு வைத்து அம்மா ஏற்றிவிட்டாள்.

அதன்பின் வீடு ஊமையாகிவிட்டது. அன்று மாலையே அத்தா பல்பை அணைத்து ரேடியோவை இறக்கிவிட்டார், தாலாட்டும் இல்லை, தொட்டில் கயிறு உத்திரத்தில் உரசும் சத்தமும் இல்லை. மறுநாள் அந்தி மயங்கும்போது நானும் அம்மாவும் கொல்லையில் நின்று பார்த்தோம்: மரநாய் ஒரு குட்டியின் பிடரியைக் கவ்வி, சுவர்த்தலையில் நடந்து, புளியமரத்துக்குத் தாவி, திரும்பி வந்து அடுத்ததை எடுத்தது. எங்களை ஒருமுறை நின்று பார்த்தது. வெளிச்சத்துக்கும் இரைச்சலுக்கும் அசையாத அது, இருட்டும் அமைதியும் வந்தபின் எதற்காகப் போனது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. கீழே இன்னொருத்தி பாடிக்கொண்டிருந்ததைத்தான் காவல் என்று நினைத்திருந்ததோ என்னவோ. இது என் நினைப்புதான், மரநாயின் மனசை யார் கண்டது.

"இதை மூணு நாளைக்கு முன்னாடி செஞ்சிருக்கக் கூடாதாடி?" என்று அம்மா அந்த மரத்தைப் பார்த்துக் கேட்டாள். கேட்டுவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

அடுத்த பிரசவங்கள் அக்காவுக்குக் குமுளியிலேயே நடந்தன. பெருநாளுக்கு வருவாள், சாயங்கால ஜீப்புக்குப் புறப்பட்டுவிடுவாள். நான் அவிழ்த்துப் பின்ன அந்தத் தலைமுடி அதன்பிறகு எனக்குக் கிடைக்கவில்லை.

போன மாதம் கம்பத்துக்குப் போயிருந்தேன். ஓடும் மச்சும் போய்க் கான்கிரீட் வந்து வருஷங்களாகின்றன. புளியமரம் நின்ற இடத்தில் கார் நிற்கிறது, கொல்லையைத் தொட்டுக் கிடந்த பந்தல்கள் மனைகளாகிவிட்டன. மரநாயைப் பார்த்து எவ்வளவு காலமாயிற்று என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. கடைசி அறைச் சுவர் மட்டும் பழையது. அதில் அத்தா பொருத்திய சுவிட்ச் சுண்ணாம்பு படிந்து அப்படியே இருக்கிறது. போட்டுப் பார்த்தேன். எங்கேயும் எதுவும் எரியவில்லை. விரலை எடுக்காமல் நின்றபோது, அந்த வெள்ளிக்கிழமை ஜீப் உறுமிக்கொண்டிருக்க, படுதாவை விலக்கித் தலையை நீட்டி அத்தாவிடம் அக்கா சொன்னது பக்கத்தில் கேட்டது:

"அத்தா, அந்த லைட்ட அணைச்சிருங்க. அதாச்சும் நாப்பது முடிச்சிட்டுப் போகட்டும்."