மூன்று நாள் தட்டிய கதவு

எங்கள் நகராட்சி நில அளவைப் பிரிவில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் யாருமில்லை. பெயிண்ட் அக்கா என்றால்தான் தெரியும். இருபத்திரண்டு வருடமாக இந்த நகரத்தின் கதவுகளில் எண் எழுதியவர். அளவுகோல் வைக்காமலே நூல் பிடித்த மாதிரி எழுதுவார். நான் அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு அவர் பின்னால் அலைந்தவன். எங்கள் மூன்று பேர் குழுவில் சர்வேயர் தூங்குமூஞ்சி, நான் சிடுமூஞ்சி. சிரித்த முகம் என்று ஒன்று இருந்தது அக்காவுக்கு மட்டும்தான். அது எப்படிப் போனது என்றுதான் சொல்லப்போகிறேன்.

எங்கள் ஊருக்கு உலக விளையாட்டு விழா கிடைத்த அடுத்த மாதமே அலுவலக நடைபாதையில் வரிசையாகப் படங்கள் மாட்டினார்கள். இதுவரை விழா நடத்திய நகரங்கள். ஏதென்ஸ், ஆன்ட்வெர்ப், ஹெல்சிங்கி, மெல்போர்ன் என்று சுவர் முழுக்க மைதானமும் கொடியும் கூட்டமும். போரால் விழா நடக்காமல் போன வருடங்களுக்கு வெறும் சட்டம். கடைசியில் எங்கள் ஊருக்கென்று ஓர் ஆணி மட்டும் அடித்து வைத்திருந்தார்கள். அக்கா டீ கிளாஸோடு ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

“தம்பி, இத்தனை ஊர் இருக்கு. ஒரு படத்துலயாவது யார் வீட்டுக் கதவாவது தெரியுதா பாரு.”

“மைதானத்தைப் படம் எடுக்க வந்தவன் கதவை எதுக்குக்கா எடுக்கப் போறான்?”

“அங்கயும் ஒருத்தி பெயிண்ட் டப்பாவோட போயிருப்பா இல்ல?”

நான் சிரித்தேன். அப்போது எனக்கு அது வேடிக்கையாகத்தான் பட்டது.

மைதானத்துக்கு அகலச் சாலை வேண்டும். அதற்காக ரயில் பாதையை ஒட்டிய நாலு தெருக்களை எடுக்க முடிவு செய்தார்கள். குடியிருப்பவர்களுக்கு ஊருக்கு வெளியே மாற்று வீடு. யார் குடியிருக்கிறார்கள் என்று பார்த்து எழுதுவது எங்கள் வேலை. கதவில் எண் எழுதுவோம், தட்டுவோம். ஆள் இருந்தால் விவரம். இல்லாவிட்டால் வேறு வேறு நாளில் மொத்தம் மூன்று தடவை போக வேண்டும். மூன்று தடவையும் பூட்டியிருந்தால் அந்த வீடு இரண்டாம் பட்டியலுக்குப் போகும். அதற்குத் தனிக் குழு ஒன்று சாயங்காலத்தில் வந்து பார்க்கும் என்று எங்கள் பிரிவின் மேலதிகாரி, நாங்கள் பெரியவர் என்று சொல்பவர், உறுதி சொல்லியிருந்தார். போகிற நாளை மட்டும் யாருக்கும் சொல்லக் கூடாது. முன்பு ஒரு தெருவில் நாள் கசிந்துவிட, சம்பந்தமே இல்லாதவர்கள் பாய் தலையணையோடு வந்து குடியேறி, நிஜமாக இருந்தவர்களைத் தள்ளிவிட்டார்கள். அதைப் பார்த்ததிலிருந்து அக்கா அந்த விதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

நாலாவது தெருவில் நாற்பத்தேழாம் எண் அவருடைய அண்ணியின் வீடு. அண்ணன் இறந்துபோய்ப் பத்து வருடம் ஆகிறது. அண்ணி ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை செய்தார். விடியும் முன்னே கிளம்பினால் பொழுது சாய்ந்துதான் திரும்புவார். ஒரு அறை, ஒரு அடுப்படி, வாசலில் இரண்டு செடித்தொட்டி. அவ்வளவுதான் அவருடைய உலகம்.

அந்த வாரம் அண்ணி போன் செய்தபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். அக்கா பேசி முடித்ததும் முகம் ஒரு மாதிரி இருந்தது.

“என்னக்கா கேட்டாங்க?”

“நம்ம ஆளுங்க எப்ப வருவாங்கன்னு கேட்டாங்க. ஒரு நாள் லீவு போட்டுட்டு வீட்டுல இருக்கேன்னாங்க.”

“சொன்னீங்களா?”

“ஆபீஸ் விஷயம் அண்ணி, யாருக்கும் சொல்றதில்லன்னேன்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “அவங்க யாரோவா? உங்க சொந்த அண்ணி!”

“அதனாலதான்டா. பக்கத்து வீட்டுக்காரிக்குச் சொல்லாததை எங்க அண்ணிக்கு மட்டும் எப்படிச் சொல்றது? ரெண்டாம் பட்டியல் இருக்கே, அப்ப பாத்துப்பாங்க.”

மூன்று நாளும் போனோம். மூன்று நாளும் அக்காவே தட்டினார். செடித்தொட்டியில் ஈரம் காயவில்லை, கொடியில் புடவை ஆடிக்கொண்டிருந்தது. அக்கா தன் வட்டமான கையெழுத்தில் மூன்று தடவையும் ஒரே வார்த்தையை எழுதினார்: பூட்டியிருந்தது. அங்கே யார் குடியிருக்கிறார்கள் என்று எனக்கும் தெரியும். நானாவது சர்வேயரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அக்கா ஒற்றைக்காலில் நிற்கிறார் என்று நானும் வாயை மூடிக்கொண்டேன். அந்தக் கோபம் எனக்கு என் மேல் இன்னும் தீரவில்லை.

விழாவுக்கான வெளிநாட்டுப் பார்வையாளர் குழு இரண்டு மாதம் முன்னதாகவே வருகிறது என்று செய்தி வந்தது. அவர்கள் வரும்போது சாலை தெரிய வேண்டுமாம். பெரியவர் ஒரே வரியில் இரண்டாம் பட்டியலைத் தூக்கிவிட்டார். பூட்டியிருந்த வீடுகள் எல்லாம் ஆளில்லாத வீடுகளாகிவிட்டன; அவற்றுக்கு மாற்று வீடு கிடையாது. கதவில் ஏழு நாள் நோட்டீஸ் ஒட்டினார்கள்.

நோட்டீஸைக் கிழித்து எடுத்துக்கொண்டு அண்ணி அலுவலகத்துக்கு வந்தார். குமாஸ்தா நாங்கள் எழுதிக் கொடுத்த தாளை எடுத்துக் காட்டினார். அண்ணி அதைப் படித்தார். அந்தக் கையெழுத்து அவருக்குப் புதிதா என்ன? அவர் கல்யாணமாகி வந்தபோது அக்கா பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தார். அக்கா எழுந்து நின்றார். அண்ணி அவரைப் பார்க்காமலே படியிறங்கிப் போனார்.

அதற்குப் பிறகு அக்கா மனு எழுதினார். தினமும் பெரியவர் அறை வாசலில் போய் நின்றார். எல்லாம் கிணற்றில் போட்ட கல்தான். “விழா முடியட்டும்மா, பாக்கலாம்” என்று ஒரே பதில். எட்டாம் நாள் இயந்திரம் வந்தது. அண்ணி வேலைக்குப் போயிருந்தார். அக்காவும் நானும்தான் சாமான்களை வெளியே எடுத்தோம். எண் எழுதிய கதவு முதலில் விழுந்தது. போக வேறு இடம் இல்லாமல் அண்ணி அக்காவின் ஒற்றை அறை வீட்டுக்கு வந்து சேர்ந்தார். வந்தார், இருந்தார், சமைத்தார். அக்காவிடம் மட்டும் ஒரு சொல் பேசவில்லை. மாதக்கணக்கில் அந்த அறையில் இரண்டு பேர் எப்படி மூச்சுவிட்டார்களோ, எனக்குத் தெரியாது.

விழா தொடங்கிய அன்று அந்த ஆணியில் எங்கள் ஊரின் படமும் ஏறியது. வானத்திலிருந்து எடுத்தது. மைதானம், சாலை, இரண்டு பக்கமும் பச்சைப் புல். எல்லாரும் கை தட்டினோம். ஆமாம், நானும்தான். அக்கா முன்னால் போய்ப் புல்லின் மேல் ஓரிடத்தில் விரல் வைத்தார்.

“இங்கதான் அடுப்படி” என்றார்.

அவரைத் தனியாக அனுப்ப மனமில்லை. மதியம் விடுமுறை விட்டதும் அவர் வீடு வரை கூடவே போனேன். மாடிப்படி ஏறும்போது எல்லா வீட்டு டிவியிலும் ஒரே ஆரவாரம். அண்ணிக்கும் அன்று விடுமுறை. கதவு உள்ளே தாழிட்டிருந்தது. அக்கா தட்டினார். கொஞ்சம் பொறுத்து மறுபடி தட்டினார். மூன்றாவது தடவை, “அண்ணி, நான்தான்” என்றார்.

உள்ளே பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, அத்தனை மாதத்துக்குப் பின் முதல் தடவையாக, அண்ணி அவரிடம் பேசினார்.

“பூட்டியிருந்ததுன்னு எழுதிக்கிட்டுப் போ.”

நான் கதவைத் தட்டக் கை ஓங்கினேன். அக்கா என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

“வேணாம்டா. இன்னிக்கு முதல் நாள்தானே” என்று சொல்லிப் படியில் உட்கார்ந்தார்.