கல்லீரலை வளர்க்கும் காப்சூல்

முதலில் சிறுநீர்தான் காட்டிக்கொடுத்தது. காலை ஷிப்டுக்குக் கிளம்பும் நேரம், பார்த்தால் தே-ஓ (பால் சேர்க்காத தேநீர்) நிறம். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இரண்டு போத்தல் குடித்துவிட்டு வேலைக்குப் போனேன். மூன்றாம் நாள் கண்ணின் வெள்ளை மஞ்சளானது. என் மனைவி விமலா சன்னலோரம் என் முகத்தைத் திருப்பிப் பார்த்து, "அலமாக்! என்னங்க இது, கண்ணு இப்படி இருக்கு?" என்றாள்.

"ஒன்னும் இல்ல, உடம்பு சுத்தமாகுது" என்றேன். இந்தப் பதிலை எனக்குச் சொல்லிக்கொடுத்தவன் குணா. இந்தக் கட்டுரையில் பாதி அவனைப் பற்றியது. மீதி என் முட்டாள்தனம்.

எனக்கு ஹெபடைட்டிஸ் பி (கல்லீரலில் தங்கி அதை மெல்ல மெல்லக் கெடுக்கும் வைரஸ் தொற்று) இருக்கிறது. ரத்த தானம் செய்யப் போன இடத்தில் தெரியவந்தது. அரசாங்க மருத்துவமனையில் தினம் ஒரு மாத்திரை கொடுத்தார்கள். அது வைரஸை அடக்கி வைக்கும், ஒழிக்காது. தாங்கள் சொல்லாமல் ஒருநாளும் நிறுத்தக் கூடாது என்றார்கள்.

அந்த மருத்துவமனையின் கிளினிக்கில், அதே நோய்க்காக உட்கார்ந்திருந்தான் குணா. மாசாயில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வரிசை தள்ளி அவன் வீடு. பாசிர் கூடாங்கில் இருவருக்கும் ஒரே ரசாயனத் தொழிற்சாலை, ஒரே ஷிப்ட். உண்மையைச் சொன்னால், அவனை அங்கே பார்த்ததும்தான் எனக்கு மூச்சே வந்தது. இந்த நோயை வெளியே சொல்ல முடியாது. சொன்னால் நம் வீட்டுத் தம்ளரில் தண்ணீர் குடிக்க யோசிப்பார்கள். குணாவிடம் மட்டும் எதையும் மறைக்க வேண்டியதில்லை.

ஒரு வருடம் இருவரும் சேர்ந்தே கிளினிக்குக்குப் போனோம். அப்புறம் அவன் ஒரு நேரடி விற்பனை நிறுவனத்தில் முகவராகச் சேர்ந்தான். ஒருநாள் கேன்டீனில் ஒரு போத்தலையும் தன் ரத்தப் பரிசோதனைத் தாளையும் என் முன்னால் வைத்தான்.

"மச்சான், ஆஸ்பத்திரி மாத்திரைய நிறுத்தி மூணு மாசம் ஆச்சு. ரிப்போர்ட்ட பாரு, சுத்தம். இது சும்மா அடக்கி வைக்கிற மருந்து இல்ல லா. கல்லீரலயே புதுசா வளர்க்கும். ஆனா ரெண்டையும் சேத்து சாப்பிட்டா இது வேலை செய்யாது."

வேரையும் இலையையும் அரைத்துக்கொண்டு வந்திருந்தால் சிரித்து அனுப்பியிருப்பேன். என்னைக் கவிழ்த்தது ரசாயனம். அவன் கொடுத்த பிரசுரத்தில் மூலக்கூறு படங்கள் இருந்தன, தூய்மை விழுக்காடு இருந்தது. கல்லீரல் அடிபட்டால் 'வளருங்கள்' என்று அணுக்களுக்குச் சேதி சொல்லும் ஒரு புரதம் உடம்பில் உண்டாம். போத்தலில் இருக்கும் சேர்மங்கள் அந்தப் புரதத்தைத் தூண்டக்கூடுமாம். பதினெட்டு வருடமாக டிரம் டிரம்மாக ரசாயனம் கையாளுகிறவன் நான். பாதி புரிந்தது. அந்தப் பாதியே எனக்குத் தலைக்கனத்தைக் கொடுத்தது.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம், "பாதுகாப்புத் தாள் இல்லாத டிரம்ம தொடாத!" என்று தொண்டை வறளக் கத்துகிறவன் நான்தான். உள்ளே என்ன எவ்வளவு இருக்கிறது என்று எழுதாத அந்தப் போத்தலைத் திறந்து, காலை இரண்டு, மாலை இரண்டு என்று விழுங்கினேன்.

மருத்துவமனை மாத்திரையை மாதாமாதம் வரிசையில் நின்று வாங்கினேன். வாங்காவிட்டால் கேள்வி வருமே. வாங்கிய பெட்டிகளைப் பிரிக்காமல் அலமாரியில் துணிக்கு அடியில் வைத்தேன். விமலாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான்கு மாதம் இப்படியே ஓடியது, பிறகு அந்தத் தே-ஓ நிறம்.

விமலா என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்த மருத்துவமனையில் ஏஎல்டி (கல்லீரல் அணுக்கள் சிதையும்போது ரத்தத்தில் கசியும் நொதி) ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. நாற்பதுக்குள் இருக்க வேண்டியது. ரத்தம் உறையும் நேரமும் நீண்டுகொண்டே போனது. கல்லீரல் தன் வேலையைக் கைவிடுகிறது என்பதற்கு அது அடையாளம். வார்டைப் பார்க்கும் இளம் டாக்டரம்மா தமிழ்ப் பெண். தினமும் காலையில் வந்து இரண்டு கையையும் நீட்டச் சொல்லி நடுங்குகிறதா என்று பார்ப்பார். "இன்னைக்கு என்ன கிழமை, அங்கிள்?" என்று கேட்பார். கல்லீரல் செயலிழந்தால் நஞ்சு மூளைக்கு ஏறுமாம்.

"மாத்திரைய ஒழுங்கா சாப்பிட்டீங்களா?"

"ஒருநாள் விடல, டாக்டர்."

உண்மையை மறைக்கும்படி என்னிடம் சொன்னவனும் குணாதான். இரண்டாம் நாள் என்னைப் பார்க்க வந்திருந்தான். கட்டிலில் குனிந்து, "கழிவு வெளியேறுது மச்சான், பயப்படாத. காப்சூல் பத்தி டாக்டர்கிட்ட வாயத் தொறக்காத, திட்டுவாங்க" என்று காதோரம் சொன்னான். போகும்போது என் கையை அழுத்தினான். நான் அதையும் நம்பினேன்.

நான்காம் நாள் டாக்டரம்மா கிழமை கேட்டார். செவ்வாய் என்றேன். அன்று வியாழன். விமலாவின் முகம் வெளிறிப் போனதைப் பார்த்தேன். அன்று மதியம் எனக்கு மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்குப் போனவள், அலமாரியில் கை விட்டிருக்கிறாள். திரும்பி வந்து ஒரு பிளாஸ்டிக் பையை என் கட்டிலுக்கு எதிரே இருந்த டாக்டரம்மாவின் மேசைமேல் கவிழ்த்தாள். பிரிக்காத நான்கு பெட்டிகள், ஒரு காப்சூல் போத்தல்.

"இவரு நிறுத்திட்டாரு டாக்டர். எனக்கே இன்னைக்குத்தான் தெரியும்" என்றாள். என் பக்கம் திரும்பவே இல்லை. குணா என்னை ஏமாற்றியதைப் பற்றி எத்தனை பக்கம் வேண்டுமானாலும் எழுதுவேன். நான் இவளை ஏமாற்றியதற்கு அந்த முதுகுதான் சாட்சி.

அடுத்த ஒரு மணி நேரத்தில் மாத்திரையைத் திரும்ப ஆரம்பித்தார்கள். டாக்டரம்மா அந்தப் பிரசுரத்தையும் கேட்டு வாங்கிப் படித்தார்.

"இந்தப் புரதம் நெசம்தான், அங்கிள். கல்லீரல் அடிபட்டா உடம்பே அத சுரக்கும். சில சேர்மங்கள் அத கூட்டலாம்னு தட்டுல வளர்த்த அணுக்கள வச்சு சோதிக்கிறாங்க. மனுஷனுக்கு ஆகும்னு அதுக்கு அர்த்தம் இல்ல. வைரஸ அவுத்து விட்டுட்டு கல்லீரல வளர்த்து என்ன பண்றது?"

கல்லீரல் மாற்று அறுவை வரைக்கும் பேச்சு போனது. விமலா தன் கல்லீரலில் ஒரு பகுதி தருவதாகச் சொன்னாளாம். இதுவும் எனக்குப் பிறகுதான் தெரியும். நல்லவேளை, ஒன்பதாம் நாளிலிருந்து எண்கள் இறங்கின.

வீட்டுக்கு அனுப்பிய அன்று, மருந்து வாங்கக் கீழே போன விமலா அரை மணி கழித்துக் குணாவோடு வந்தாள். மருந்தகத்தில் எண் சீட்டோடு உட்கார்ந்திருந்தானாம். அவன் கையிலிருந்த பையில் அதே மாத்திரை, அவன் பெயர் ஒட்டிய பெட்டி.

"நீங்களே கேளுங்க" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"எத்தன நாளாடா?" என்றேன்.

"நான் எப்பவுமே நிறுத்தல, மச்சான்." தரையைப் பார்த்துச் சொன்னான். "சொந்தக் கதை சொன்னாதான் ஆளு வாங்கும்னு மீட்டிங்ல சொல்லிக் குடுத்தாங்க. நீ நெசமாவே நிறுத்துவேன்னு நெனக்கல."

"நீதான்டா நிறுத்தச் சொன்ன!"

அவனுடைய சுத்தமான ரிப்போர்ட் அந்த மாத்திரை கொடுத்தது. அதைக் காட்டித்தான் என்னிடமிருந்து அதே மாத்திரையைப் பிடுங்கினான். நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்பார்களே, இதுதான் அது.

இப்போது எனக்கு மஞ்சள் இல்லை. கல்லீரலில் கொஞ்சம் தழும்பு (நார்த்திசு) தங்கிவிட்டது. அது இனிப் போகாமலும் இருக்கலாம் என்கிறார்கள். நன்றாகத்தான் இருக்கிறேன் என்று உடம்பு சொன்னால் நான் நம்புவதில்லை. அந்த நான்கு மாதமும் அது அப்படித்தான் சொன்னது. தாளில் எண்ணைப் பார்த்த பிறகு மூன்று மாதத்துக்கு உடம்பு என்னுடையது, பிறகு மறுபடி சந்தேகம். தீபாவளி, பள்ளி விடுமுறை எல்லாம் இப்போது இரண்டு பரிசோதனைகளுக்கு நடுவில்தான் வருகின்றன.

போன மாதம் கிளினிக்கின் நடைவழியில் குணாவைப் பார்த்தேன். அவன் பக்கத்தில் ஒருவர், என் வயது இருக்கும், புதிதாக நோய் தெரிந்தவரின் முகம். அவர் மடியில் அந்தப் பிரசுரம் விரிந்து கிடந்தது. என் கால்கள் தானாக அங்கே நடந்தன.

"அண்ணே, மன்னிச்சிக்குங்க. ஆஸ்பத்திரி மாத்திரைய நிறுத்திடாதீங்க. இவரு நிறுத்தல. இவரு பேச்சக் கேட்டு நான் நிறுத்தி, செத்துப் பொழச்சேன்."

"டேய், இங்க வேணாம்டா..." என்றான் குணா. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவன் பையை எடுத்துக்கொண்டு எழுந்து போனான். கூப்பிட வேண்டும்போல ஒரு கணம் எனக்கு நெஞ்சு தவித்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த மனிதர் குரலைத் தாழ்த்தி, "உங்களுக்கும் இதுதானா?" என்று கேட்டார்.

"ஆமாண்ணே, ஹெபடைட்டிஸ் பி" என்றேன், நடைவழி முழுக்கக் கேட்கும்படி. எங்கள் வரிசை எண்கள் வர இன்னும் நேரம் இருந்தது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து முதலிலிருந்து சொன்னேன்.