சக்கரப் பெட்டியோடு ஒரு மலைக்குடிலுக்கு

2007 செப்டம்பர் கடைசியில், ஒரு வெள்ளிக்கிழமை புறப்பட்டு ஞாயிறு திரும்பினோம், நானும் அக்காவும். போன இடம் ஃபெல்ட்பெர்க் பக்கத்தில், கருங்காட்டு மலையில் இருக்கும் ஒரு குடில். ஜேர்மனியில் இருக்கும் நம்மவர்கள் மலை பார்க்க வேண்டுமென்றால் காரைச் சுவிஸுக்குத் திருப்புவார்கள். கேபிள் காரில் ஏறி, பனியோடு படம் எடுத்து, அன்று மாலையே திரும்பிவிடுவார்கள். மலைக்குடிலில் தங்கிய தமிழர் ஒருவரையும் எனக்குத் தெரியாது. அதனால் விவரமாகவே எழுதுகிறேன், நான் விட்ட பிழைகளையும் சேர்த்து.

போனதற்குக் காரணம் அக்காதான். அக்கா வுப்பர்டாலில் ஒரு மருத்துவமனையில் துப்புரவு வேலை செய்கிறார். முந்தைய ஆண்டு தை மாதம் அத்தான் மாரடைப்பில் இறந்துபோனார். பிள்ளைகள் இல்லை. அதன்பிறகு அக்கா வேலைக்குப் போவார், ஞாயிறு தேவாலயத்துக்குப் பூசைக்குப் போவார், மற்ற நேரமெல்லாம் திரைச்சீலையை இழுத்து மூடிக்கொண்டு வீட்டுக்குள் இருப்பார். அழுவதும் இல்லை, அத்தானைப் பற்றிக் கதைப்பதும் இல்லை.

நான் இருப்பது ஸ்டுட்கார்ட்டில், ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை. என்னோடு வேலை செய்யும் மோனிக்கா ஒரு மலைநடைக் கழகத்தின் உறுப்பினர். அந்தக் கழகத்துக்குச் சொந்தமானதுதான் இந்தக் குடில். சம்பளத்துக்கு அங்கே ஒருவரும் இல்லை. உறுப்பினர்கள் முறைவைத்து, ஆளுக்கு ஒரு வாரம் தங்கி அதை நடத்துகிறார்கள். அந்த வாரம் மோனிக்காவும் அவருடைய கணவர் ஊவேயும் பொறுப்பு. “உன் அக்காவையும் கூட்டிக்கொண்டு வா” என்றார் மோனிக்கா.

இங்கேதான் என் முதல் பிழை. மலைக்குடில் என்று சொன்னால் அக்கா வரமாட்டார் என்று, “ஒரு சின்ன ஹோட்டல், வாசல்வரைக்கும் பஸ் போகும்” என்று சொல்லிவிட்டேன். வியாழன் மாலை ஸ்டுட்கார்ட் நிலையத்தில் வந்து இறங்கிய அக்காவின் கையில் சக்கரம் வைத்த பெட்டி, காலில் பூசைக்குப் போடும் சப்பாத்து. அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

வெள்ளி காலை 9.15க்கு ரயில். மாநிலச் சீட்டு ஒன்று எடுத்தால் இருவரும் நாள் முழுவதும் போகலாம். எங்களுக்கு 27 யூரோ, பஸ்ஸும் அதற்குள் அடக்கம். கார்ல்ஸ்றூவில் ஒருமுறை மாறி 12.40க்கு ஃப்ரைபுர்க் சேர்ந்தோம். அங்கே நான் கோப்பி வாங்கப் போய் வரிசையில் நின்றதில் 13.10 ரயில் போய்விட்டது. அடுத்தது ஒரு மணித்தியாலம் கழித்து. இது இரண்டாவது பிழை, பெரிய பிழை. மலையில் ஒரு மணித்தியாலம் என்பது ஊரில் ஒரு மணித்தியாலம் மாதிரி இல்லை.

பஸ் எங்களை இறக்கிவிட்டபோது 15.20. அங்கிருந்து குடிலுக்கு 4.2 கிலோமீற்றர். வழிப்பலகை ஒன்றரை மணித்தியாலம் என்றது. ஓட்டுநர் அக்காவின் பெட்டியைப் பார்த்தார். “இதோடா?” என்று கேட்டார். நான் சிரித்துச் சமாளித்தேன். அக்கா பெட்டியை இழுத்துக்கொண்டு நடக்கத் தொடங்கினார்.

முதல் இரண்டு கிலோமீற்றர் அகலமான காட்டுவழி. பெட்டி கடகடவென்று உருண்டு வந்தது. பைன் மரங்களுக்குள் வெயில் இறங்கியிருந்தது, நீரோடை ஒன்று கூடவே வந்தது. நன்றாகத்தான் இருந்தது. பிறகு பாதை இடப்பக்கம் திரும்பி, கல்லும் வேருமாக ஏறத் தொடங்கியது. பெட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினோம். ஐம்பது அடிக்கு ஒருமுறை நின்றோம். மேலே ஏறி மரமில்லாத புல்வெளிக்கு வந்தபோது 16.40. அங்கே மூடுபனி காத்திருந்தது.

மூடுபனி மெதுவாக வரும் என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. முன்னால் தெரிந்த வேலி காணாமல் போனது, பிறகு பாதை. மரத்துக்கு மரம் அடித்திருந்த மஞ்சள் அடையாளங்களை நம்பி வந்தவர்களுக்கு, மரமே இல்லாத இடத்தில் என்ன செய்வதென்று தெரியவில்லை. கைத்தொலைபேசியில் தொடர்பு இல்லை. அக்கா பெட்டியைப் படுக்கவைத்து அதன்மேல் உட்கார்ந்தார்.

“நீ சொன்ன ஹோட்டல் எங்கையடி?”

“ஹோட்டல் இல்லை அக்கா. உங்களுக்குப் பொய் சொல்லிப்போட்டன்.”

“தெரியும். பஸ்ஸாலை இறங்கினவுடனையே தெரியும்.”

“பிறகேன் வந்தனீங்கள்?”

“திரும்பிப் போனாலும் அங்கை என்ன கிடக்கு?”

நான் கொஞ்சத் தூரம் நடந்து பாதையைத் தேடிப் பார்க்கிறேன் என்றேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். “ஏலாது. தெரியாத இடத்திலை ஒராள் போய் ஒராள் இருக்கிற வேலை வேண்டாம். இரு இதிலை.” பெட்டியைத் திறந்து சால்வை ஒன்றை எடுத்து இருவருக்குமாகப் போர்த்தினார். குளிரில் என் பற்கள் கிடுகிடுத்தன. உண்மையாகவே பயந்துவிட்டேன். இருட்ட இரண்டு மணித்தியாலம்தான் இருந்தது. இவரை இங்கே கொண்டுவந்து விட்டது நான்.

அப்படி இருக்கும்போதுதான் அக்கா, நான் கேட்காமலே, சொன்னார்.

“அண்டைக்குக் காலமை அவர் நெஞ்சு ஒரு மாதிரிக் கிடக்கு எண்டவர். எனக்கு வேலைக்கு நேரம் போயிட்டுது. தேத்தண்ணியைக் குடிச்சிட்டுப் படுங்கோ எண்டு சொல்லிப்போட்டுப் போனனான்.”

இப்படி ஆகுமென்று உங்களுக்கு எப்படித் தெரிந்திருக்கும் அக்கா என்று மட்டும் சொன்னேன். அக்கா அழத் தொடங்கினார். இருபது மாதத்தில் அவர் அழுததை நான் பார்த்தது அதுதான் முதல்தடவை. நானும் அழுதேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

17.20 இருக்கும், மணிச்சத்தம் கேட்டது. கோயில் மணி மாதிரி ஒரே சீராக அல்ல, ஐந்தாறு அடி, பிறகு ஓய்வு, திரும்பவும் ஐந்தாறு அடி. எந்தப் பக்கமிருந்து என்று மூடுபனிக்குள் பிடிபடவில்லை. கூப்பிட்டுப் பார்த்தேன், தொண்டை கட்டியிருந்தது. அக்கா முகத்தைத் துடைத்துவிட்டு எழுந்து நின்றார். மணி ஓய்ந்த இடைவெளியில் உரத்த குரலில் செபமாலை சொல்லத் தொடங்கினார். மன்னாரில் பெருநாள்களுக்கு முன்வரிசையில் நின்று செபம் சொன்ன குரல் அது. செபமாலையின் மூன்றாவது பத்தில் இருக்கும்போது மஞ்சள் மழையங்கி ஒன்று மூடுபனிக்குள்ளிருந்து வெளியே வந்தது. ஊவே.

சொன்ன நேரத்துக்கு ஆட்கள் வராவிட்டால் மணியடிப்பது அங்கே வழக்கமாம், நாங்கள் ஐந்து மணிக்குள் வருவோம் என்று மோனிக்காவிடம் சொல்லியிருந்தேன். மோனிக்கா மணியடிக்க, ஊவே தேடி வந்திருக்கிறார். “என்ன பாட்டென்று தெரியவில்லை, ஆனால் அதைப் பிடித்துக்கொண்டுதான் வந்தேன்” என்றார். பெட்டியைப் பார்த்தார், தோளில் தூக்கி வைத்தார். குடில் அங்கிருந்து 600 மீற்றர்கூட இல்லை.

குடிலைப் பற்றிச் சொல்கிறேன். 1,200 மீற்றர் உயரம், 22 படுக்கை. ஒரே அறையில் பத்துப் பேர் அடுக்குக் கட்டிலில் படுக்க வேண்டும். தண்ணீர் ஊற்றிலிருந்து வருகிறது, சுடுதண்ணீர் விறகு அடுப்பில். வாசலில் சப்பாத்தைக் கழற்றி வீட்டுச் செருப்பு போட வேண்டும். சுவரில் ஒரு பலகை, அதில் வேலைகளும் பெயர்களும். விறகு கொண்டுவருவது, பாத்திரம் துடைப்பது, கழிப்பறை கழுவுவது. விருந்தாளி என்று ஒருவரும் இல்லை. எல்லாருக்கும் ஒரு வேலை உண்டு.

அன்றிரவு அக்கா ஒன்பது மணித்தியாலம் தூங்கினார். காலையில் நான் எழும்பியபோது கட்டிலில் இல்லை. கீழே சமையலறையில் மோனிக்காவோடு நின்றார். பெட்டியைச் சுமந்ததில் ஊவேயின் இடுப்பு பிடித்துக்கொண்டது, அடுப்படியில் வாங்குப் பலகையில் படுத்திருந்தார். அன்று குடிலில் பதினாறு பேர், மோனிக்காவோ ஒற்றை ஆள்.

“எங்கடை பெட்டியாலை வந்த வினை. நான் பாக்கிறன்” என்று என்னிடம் சொல்லிவிட்டு, அக்கா மோனிக்காவிடம் ஜேர்மனில், இந்தத் துடைக்கும் துணிகளில் எது கழிப்பறைக்கு, எது மேசைக்கு என்று கேட்டார். மோனிக்காவுக்குத் தெரியவில்லை. ஒருவருக்கும் தெரியவில்லை. அக்கா எல்லாத் துணியையும் அவித்து, மருத்துவமனையில் செய்வதுபோல நிறம் பிரித்தார். சிவப்பு கழிப்பறைக்கு, மஞ்சள் கைகழுவும் தொட்டிக்கு, நீலம் மேசைக்கு. ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினார். பிறகு பருப்பும் கரட்டும் போட்டு சூப் வைத்தார். ஊவே படுத்தபடியே இரண்டு கோப்பை குடித்தார்.

பிற்பகல் மூடுபனி கலைந்தது. தெற்கே அல்ப்ஸ் மலைத்தொடர் முழுவதும் தெரிந்தது. அக்கா கையில் நீலத் துணியோடு வாசலில் வந்து நின்றார். “அவருக்கு இது பிடிச்சிருக்கும்” என்றார். அழவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

ஞாயிறு புறப்படும்போது, கழகத்தில் சேர Antrag, அதாவது விண்ணப்பம், இருக்கிறதா என்று அவராகவே கேட்டார். மோனிக்கா ஒரு படிவம் தந்தார். அதில் இரண்டு கட்டம்: குடும்பம், தனிநபர். அக்காவின் பேனா அங்கே நின்றது. ஊவே ஏதோ சொல்ல வாயெடுத்தார், மோனிக்கா அவர் கையைத் தொட்டார். அக்கா தனிநபர் என்ற கட்டத்தில் அழுத்தமாகப் புள்ளடி போட்டுவிட்டு, அடுத்த வரிக்குப் போனார்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். இப்படிக் கழகக் குடில்கள் நிறைய உண்டு, பலவற்றில் உறுப்பினர் அல்லாதவர்களும் தங்கலாம். எங்களுக்குப் படுக்கை ஓர் இரவுக்கு 9 யூரோ, உறுப்பினருக்கு 6. முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று கட்டாயம் சொல்லுங்கள், எங்களைக் காப்பாற்றியது அதுதான். மதியம் இரண்டுக்குள் நடக்கத் தொடங்கிவிடுங்கள். சாப்பாட்டுச் சாமானும் படுக்கைத் துணியும் முதுகுப்பையில் எடுத்துப் போங்கள். சக்கரப் பெட்டி வேண்டவே வேண்டாம். கூட வருகிறவருக்கு உண்மையைச் சொல்லுங்கள். சொன்னால் வரமாட்டார் என்று நினைத்தது என் கணிப்பு, அது சரியா என்று நான் கேட்டுப் பார்க்கவே இல்லை.

அக்காவின் துக்கம் மலையில் தீர்ந்துவிட்டது என்று எழுதினால் அது பொய். தை மாதம் வந்தபோது பழையபடி மிகவும் கஷ்டப்பட்டார். ஆனால் அத்தானைப் பற்றி இப்போது கதைக்கிறார், அந்தக் காலையைப் பற்றியும்.

அடுத்த வைகாசியில் அக்கா விடுமுறை எடுத்து, மோனிக்காவோடு ஒரு வாரம் குடிலை நடத்தப் போனார். நான்காம் நாள் குடிலின் தொலைபேசிக்கு எடுத்தேன். சாப்பிட்டீர்களா, குளிராக இருக்கிறதா, தனியாக இருப்பதுபோல் இருக்கிறதா என்று கேட்க நினைத்திருந்தேன்.

“பிறகு எடன் பிள்ளை” என்றார் அக்கா. “பதினெட்டுப் பேர் ஏறி வருகினம். சூப் இன்னும் அடுப்பிலை ஏறேல்லை.”