அக்காவும் நெலாவச் சுத்துன பயலும்

அக்கா தலப்பிரசவத்துக்கு எங்க தோட்டத்து லய வீட்டுக்கு வந்தப்ப அவகூட வந்தது ரெண்டு பேக்கு, ஒரு பெட்சீட்டு, அப்பறம் அவ வாயி. மச்சான் கொழும்புல ஒரு சாப்பாட்டுக் கடையில வேல செய்றாரு. வளகாப்பு முடிஞ்ச கையோட கொண்டாந்து விட்டுட்டு, என்னயப் பாத்து அக்காவ பத்தரமா பாத்துக்கன்னு சொல்லிட்டு பஸ் ஏறிட்டாரு. யார யாரு பாத்துக்கிறதுன்னு அவருக்கு இன்னும் வெளங்கல. பாவம், கல்யாணமாகி ரொம்ப நாளாகல.

எங்க தேயிலத் தோட்டம் நமுனுகுல பக்கம். அக்காவக் கட்டிக்குடுத்தது பூனாகலையில. இங்கயும் கொழுந்து எடுத்தா, அங்கயும் கொழுந்துதான். அவ கை போற வேகத்துக்கு பக்கத்து நெரையில நிக்கிறவங்க பேசாம நகந்துக்குவாங்க. அப்படிப்பட்டவள மல ஏறாத, குனியாத, தண்ணி தூக்காதன்னு ஒரு ரூம்ல ஒக்கார வச்சா என்னாகும்? வந்த வாரமே அம்மா வைக்கிற ரசத்துல குத்தம், நான் காயப்போடுற சட்டையில குத்தம், பக்கத்து வீட்டுக் கோழி நடக்குறதுலகூட ஒரு குத்தம். லயத்துல எல்லாரும் எங்க வாசலத் தாண்டுறப்ப ஓட்டமும் நடையுமா போனாங்க.

நான் பதுளை பஸார்ல போன் திருத்துற கடையில வேல பாக்குறேன். ஓ.எல். பரீச்ச எழுதுனேன், அதோட சரி. கணக்குல என்ன எடுத்தேன்னு நீங்களும் கேக்காதீங்க, வீட்டுலயே கேக்குறத நிறுத்திட்டாங்க. கடையில யாரும் வாங்காத ஒரு பழைய லேப்டாப் கெடந்துச்சு. பேட்டரி செத்தது, வயரு கழண்டா உசுரு போயிரும். நீயே வச்சிக்கிட்டுத் தொலன்னு மொதலாளி குடுத்துட்டாரு. அதுலதான் அந்த ராக்கெட் கேம் இருந்துச்சு.

கேம் இதுதான். நம்மளே ராக்கெட்டு கட்டணும், தல பெருத்த குட்டிப் பயலுகள்ல ஒருத்தன உள்ள வச்சு மேல அனுப்பணும். அவன் போற எடத்துல சூடு அளக்கணும், மண்ணு எடுக்கணும், கொழகொழன்னு ஒரு சாமான் இருக்குற டப்பாவத் தொறந்து அது என்ன பண்ணுதுன்னு பாக்கணும், கண்ணுல பட்டத அறிக்கையா சொல்லணும். ஒவ்வொண்ணுக்கும் சயன்ஸ் புள்ளி. புள்ளி சேந்தாத்தான் நல்ல இஞ்சின், பெரிய எண்ணெய் டாங்கி எல்லாம் தெறக்கும். சுட்டுத்தள்ற வேலையே கெடையாது. அதனாலயோ என்னவோ மொத நாளு அக்கா பாத்துட்டு, "இவ்வளவு தூரம் போயி மண்ணா அள்ளிட்டு வாறான்? இங்க ரோட்டோரம் குமிச்சு வச்சிருக்கானுகளே"ன்னு கேட்டா.

ரெண்டாவது நாளு என் பக்கத்துல வந்து ஒக்காந்தா. மூணாவது நாளு நான் ஒக்காந்திருந்த கதிரைய நகத்தச் சொன்னா. அதுக்கப்பறம் நான் ட்ரைவர், அவ கங்காணி.

நெலாவுல எல்லா எடமும் ஒண்ணில்லன்னு அவதான் மொதல்ல புடிச்சா. பெரிய பள்ளம் ஒரு எடம், மேட்டு நெலம் ஒரு எடம், தட்டையா கெடக்குறது வேற எடம். ஒவ்வொண்ணுக்கும் தனிப் புள்ளி. அதுலயும் தரையில நின்னு அளந்தா ஒண்ணு, தரைக்குக் கிட்ட பறந்து அளந்தா ஒண்ணு, ஒசரத்துல இருந்து அளந்தா இன்னொண்ணு. நான் எறங்குன எடத்துல ரெண்டு தடவ மண்ணு எடுத்துட்டு ஏன் புள்ளி கொறையுதுன்னு முழிச்சிக்கிட்டு இருந்தவன். அவளோ செடி செடியா பாக்குறவ. ஒரு நெரைய முடிக்காம அடுத்த நெரைக்குப் போக விடமாட்டா. சூடு பாத்தியா, டப்பாவத் தொறந்தியா, வாயத் தொறந்து சொன்னானான்னு கேட்டுக்கிட்டே இருப்பா.

இப்படித்தான் ஒரு பயல நெலாவுக்கு அனுப்புனோம். பள்ளத்துல எறங்குனான், எல்லாத்தையும் எடுத்தான். அங்கருந்து தாவி மேட்டு நெலத்துல எறங்குனான், அங்கயும் எடுத்தான். அதுக்குள்ளயே கை நெறையச் சாமான். இனி வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துருவோம்னு நான் சொன்னேன். டாங்கியில இன்னும் எண்ணெய் இருக்கேன்னா அக்கா. இருக்கு, ஆனா கிட்டத்துல புது எடம் ஒண்ணும் இல்லன்னேன்.

"பழைய பள்ளத்துக்கே போகச் சொல்லேன். ஒரு வாரம் விட்டுட்டுப் போகட்டும்."

இப்ப நீங்க சிரிப்பீங்க. ஆனா லயத்துல பொறந்தவனுக்கு அது ஞாயமான பேச்சு. இன்னைக்கு ஒரு மலையில கொழுந்து எடுத்தா, ஒரு வாரம் கழிச்சு அதே மலைக்குத் திரும்பி வாரோம், கொழுந்து நிக்கிது. எங்கம்மா, அவங்கம்மா எல்லாம் இப்படித்தான் திரும்பித் திரும்பி வந்தாங்க. நெலாவும் மலைதானே. எனக்கு ஒரு சொட்டுகூட சந்தேகம் வரல. கேமுல நேரத்த வேகமா ஓட்டுற பட்டன் ஒண்ணு இருக்கு. அத அமுக்கி அந்தப் பயல மேட்டுலயே ஒரு வாரம் நிக்க வச்சு, பெறகு பள்ளத்துக்குத் தாவ விட்டோம். மண்ண அள்ளுனான்.

ஒண்ணுமே வரல. ஒரு புள்ளி இல்ல.

அக்கா ஸ்கிரீன் கிட்ட மூஞ்சியக் கொண்டுபோயி பாத்தா. திரும்பத் துளிர் விடாத எடமான்னு கேட்டா. ஒரு தடவ எடுத்தா அவ்வளவுதான் போலன்னேன். இப்படி ஒரு மலைய யாரு உண்டாக்குனதுன்னு திட்டிட்டு, சரி கெளம்பச் சொல்லுன்னா.

கெளம்புனான். நெலாவ விட்டு மேல ஏறுனான், அதச் சுத்த ஆரம்பிச்சான், அதோட எண்ணெய் தீந்துபோச்சு. அந்த வீணாப்போன தாவல்ல போன எண்ணெய் இருந்திருந்தா வீட்டுக்கு வந்திருப்பான். இப்ப நெலாவச் சுத்திக்கிட்டே நிக்கிறான், நாங்க ரெண்டு பேரும் வாயப் பொளந்து பாத்துக்கிட்டு இருக்கோம்.

நான் பெருசா எடுத்துக்கல. அவன் ராக்கெட்டுல ஏரியல் இருக்கு. எடுத்ததெல்லாம் அது வழியா அனுப்பிட்டா, கொறைஞ்சாலும் பாதிக்குக் கிட்ட புள்ளி வந்துரும். பயல அங்கயே விட்டுட்டு வேற ஒருத்தன அனுப்புவோம், கேமுல ஆளுக்கா பஞ்சம்னு சொன்னேன்.

அக்கா என் பக்கம் திரும்பிச் சொன்னா, "நீ அனுப்புன எடத்துக்குத்தானே போனான். அவன் தூக்கிட்டு வந்தத மட்டும் வாங்கிக்கிட்டு, அவன அப்படியே விட்டுருவியா?"

கேமுக்கான்னு கேட்டேன்.

"கேமுக்குத்தான்டா. எறக்கு. அவன் எறங்காம நான் ஆசுபத்திரிக்குப் போகமாட்டேன்."

பதுளை பெரியாசுபத்திரியில அவள அடுத்த திங்கக்கெழம வந்து படுக்கச் சொல்லியிருந்தாங்க. அவளுக்கு ஆசுபத்திரின்னாலே பயம்னு வீட்டுல எல்லாருக்கும் தெரியும். அத அவ சொல்லமாட்டா, நாங்களும் கேக்கமாட்டோம். ஆனா திங்கக்கெழமன்னு யாராச்சும் சொன்னா அவ கை தன்னால வயித்துமேல போகும். அம்மா எங்கிட்ட தனியா வந்து, அது என்ன எழவோ அந்தப் பயல சட்டுனு எறக்கித் தொலடான்னாங்க. மச்சான் போன் எடுத்தப்ப, உங்க பொண்டாட்டிக்கு நெலாவுல ஒரு ஆளு இருக்காரு, அவரு வந்தாத்தான் மத்ததெல்லாம்னேன். அவரு போன அக்காகிட்ட குடுன்னாரு.

எறக்குறதுக்கு இன்னொரு ராக்கெட்டு அனுப்பணும். எங்ககிட்ட இருந்ததெல்லாம் ஒத்த சீட்டு. ட்ரைவர் ஒருத்தன் ஒக்காந்து போனா இவன எங்க ஏத்துறது? புட்போர்டுல தொங்கிட்டு வரட்டும்னேன், நமுனுகுல பஸ்ஸுல நான் தெனம் அப்படித்தானே போறேன். அக்கா எட்டி ஒண்ணு குடுத்தா. ஆளில்லாம வெறும் ராக்கெட்டாப் போகணும்னா அத ஓட்ட ஒரு மூளப்பெட்டி வேணும். அது தெறக்கப் புள்ளி வேணும். புள்ளியெல்லாம் மேல சுத்துற பயகிட்ட இருக்கு.

அன்னைக்குத்தான் நாங்க ரெண்டு பேரும் அந்த ஏரியல் கணக்க ஒழுங்காப் படிச்சோம். மண்ணையும் டப்பாவையும் ஏரியல்ல அனுப்புனா பெரும்பகுதி போயிரும். ஆனா வாயால சொல்ற அறிக்கைய அனுப்புனா ஒரு புள்ளிகூடக் கொறையாது. நான் இது என்ன கூத்துன்னு யோசிச்சேன். அக்காவுக்கு உடனே வெளங்கிருச்சு. போன்ல கதைய சொல்லலாம், கருவாடு அனுப்ப முடியுமான்னு கேட்டா.

சரி, மண்ணு அவன் கையிலயே இருக்கட்டும், அவன் பேச்ச மட்டும் அனுப்புவோம்னு முடிவாச்சு. அனுப்புனோம், பத்தல. அப்பதான் அந்தப் பயலோட ராக்கெட்டு சுத்தச் சுத்த அடியில நெலம் மாறுறத அக்கா பாத்தா. இப்ப தட்டை, இப்ப மேடு, இப்ப வேற ஒரு பள்ளம். அவன வெளிய வரச் சொல்லிப் பாருன்னா. பயல் கதவத் தொறந்து ஏணியப் புடிச்சுத் தொங்கிக்கிட்டு கீழ பாத்து ஒரு அறிக்க சொன்னான். புதுப் புள்ளி. அனுப்புனோம், முழுசா வந்துச்சு. அடுத்த நெலம் வர்ற வரைக்கும் உள்ள போயி ஒக்காந்தான். வந்ததும் மறுபடி வெளிய வந்து தொங்குனான். ஒரு சொட்டு எண்ணெய் செலவில்ல. எறங்கி ஏறி எறங்கி ஏறி நாங்க அலைஞ்சதுக்கு, இவன் சும்மா சுத்திக்கிட்டே சம்பாதிச்சான்.

அந்த வாரம் நான் கட விட்டு வந்து முகம் கழுவுறதுக்குள்ள அக்கா வயரச் சொருகி ஒக்காந்திருப்பா. நெலத்தோட பேரு இங்கிலீசுல வரும், அவளுக்கு வாசிக்கத் தெரியாது, எனக்கும் சுமாருதான். அவ எழுத்தோட உருவத்த வச்சே புடிச்சா. நீளமா இருக்குறது வருது, வெளிய வரச் சொல்லும்பா. வயித்துல ஒத விழுந்தாலும் ஒரு கைய அங்க வச்சிக்கிட்டு, இன்னொரு கையால என் தோள்ல தட்டுவா. ரெண்டு பக்கமும் அவளுக்கு வேல நடந்துச்சு. அந்த வாரம் யாரு ரசத்துலயும் குத்தமில்ல.

மூளப்பெட்டி தெறந்துச்சு. ஞாயித்துக்கெழம காலச் சாப்பாடு முடிஞ்ச கையோட வெறும் ராக்கெட்ட அனுப்புனோம். வெளிய மழ. எங்க பக்கம் மழன்னா கரண்டுக்கு ஒடம்பு சரியில்லாமப் போகும், கரண்டு போனா லேப்டாப்பும் போகும். அம்மா சாமி படத்துக்கு வெளக்கு வச்சாங்க. மழைக்காகவான்னு கேட்டேன். வாய மூடிட்டு ஓட்டுடான்னாங்க.

ரெண்டு ராக்கெட்டும் கிட்ட வர வர வேகத்தக் கொறைச்சேன். பக்கத்துல நிப்பாட்டுனேன். பயல் மண்ணு, டப்பா சாமான் எல்லாத்தையும் கையில எடுத்துக்கிட்டு வெளிய வந்தான். முதுகுல இருக்குற சின்னப் பெட்டியால புஸ்ஸுபுஸ்ஸுன்னு காத்து விட்டு நடு வானத்துல மெதந்து போனான். ஒரு தடவ மோதி எகிறிப் போனான். அக்கா என் சட்டக் காலரப் புடிச்சிக்கிட்டா, நான்தான் எகிறிப் போறேன்ங்கிற மாதிரி. ரெண்டாந்தடவ ஏணியப் புடிச்சான், உள்ள போயிட்டான்.

புது ராக்கெட்டுல எண்ணெய் மிச்சம் நெறைய இருந்துச்சு. எனக்கு நப்பாச. நெலாவோட உச்சிப் பக்கம் மட்டும் இன்னும் பாக்கல, ஒரே ஒரு சுத்து திருப்பிவிட்டா அந்த அறிக்கையும் வந்துரும்னேன். வழக்கமா நான் வீட்டுக்குப் போவோம்பேன், அவதான் இன்னும் ஒண்ணும்பா.

"வேணாம்"னா அக்கா. "கை நெறைய வச்சிருக்கான். கூட்டிட்டு வா."

கூட்டிட்டு வந்தேன். காத்துக்குள்ள நொழைஞ்சு ராக்கெட்டு தீப்புடிச்ச மாதிரி செவந்தப்ப லைட்டு ஒரு தடவ மங்கி மறுபடி வந்துச்சு. பாராசூட் விரிக்கிற பட்டன அக்காவ அமுக்கச் சொன்னேன். இப்பயா, இப்பயான்னு கேட்டுக்கிட்டே அமுக்கிட்டா. விரிஞ்சுச்சு. ஆடி ஆடி வந்து கடல்ல தொபுக்குன்னு விழுந்து மெதந்தான்.

நான் கூட்டிட்டு வர்ற பட்டன அமுக்கப் போனேன். அக்கா என் கையப் புடிச்சிட்டா. "இருடா. நம்ம ஆளுங்க இதுவரைக்கும் தண்ணியில எறங்கல இல்ல?"

எறங்கல. எல்லாரும் புல்லுலதான் விழுந்திருக்கானுக. நெலாவ எத்தனையோ தடவ சுத்திட்டு வந்தவனப் பாவம், ஒரு நிமிசம் மூச்சு வாங்க விடாம வெளிய வரச் சொல்லி, தண்ணியில மெதந்துக்கிட்டே ஒரு அறிக்க சொல்ல வச்சு, கொஞ்சம் தண்ணியும் மொள்ள வச்சா. அதுக்கும் புள்ளி வந்துச்சு. அப்பறம்தான் வீட்டுக்கு விட்டா. மண்ணு, டப்பா, தண்ணி எல்லாத்துக்குமா வந்த புள்ளியில பெரிய இஞ்சின் தெறந்துச்சு. அவ அதத் திரும்பிக்கூடப் பாக்கல.

அடுப்பங்கரையிலருந்து அம்மா, எறங்கிட்டானான்னு கேட்டாங்க.

எறங்கிட்டான்னேன்.

அக்கா செவுத்தப் புடிச்சி மெதுவா எந்திரிச்சா. எந்தப் பேக்க எடுத்துட்டுப் போறதுன்னு ரெண்டையும் தெறந்து பாத்தா, நான் தூக்கிப் பாத்து பெருசத்தான் கொண்டுபோகணுமான்னு கேட்டதுக்கு வாங்கிக் கட்டிக்கிட்டேன். பழைய சீலையில ரெண்ட எடுத்து கொழந்தைக்குன்னு தனியா மடிச்சா. மடிச்சதப் பிரிச்சு மறுபடி மடிச்சா. நான் பாத்தது அவளுக்குத் தெரியும். பாக்காத மாதிரி லேப்டாப் வயரச் சுத்துனேன்.

"நாளைக்குக் காலையில வேன்காரர வரச் சொல்லு. நீயும் வரணும். முன்னால சீட்டுல ஒக்காரக் கூடாது, எம்பக்கத்துலதான் ஒக்காரணும்"னா.

சரிக்கான்னேன். பெரிய பேக்கத் தூக்கி வாசக்கிட்ட வச்சேன்.