பெயர் வரும் இடம்

பாட்டைப் பதிவு செய்து வைக்கப் போகிறோம் என்று பொய் சொல்லி, ஒரு பெண்ணை நான் பேயாக்கினேன். உண்மையைச் சொல்லியிருந்தால் அவர் வந்திருக்கமாட்டார். அது தெரிந்துதான் சொல்லாமல் விட்டேன்.

முப்பது வருடங்களுக்கு மேல் தமிழ் படிப்பித்து ஓய்வு பெற்றவன் நான். வீடு பதுளை டவுனில். மனைவி இறந்த பிறகு பகல் முழுவதும் பேய்ப் படம் பார்க்கும் பழக்கம் வந்தது. அதிலும் கையில் காசில்லாதவர்கள் எடுத்த சின்னப் படங்கள்தான் எனக்குப் பிடிக்கும். எந்த இடத்தில் என் தேத்தண்ணி ஆறிப்போகிறது, ஏன் என்று யோசித்துக்கொண்டே பார்ப்பேன். காசுள்ளவன் பேயைக் காட்டிவிடுகிறான். பார்த்த மறு நிமிடம் பயம் போய்விடுகிறது. இல்லாதவன் பாதி திறந்த கதவைக் காட்டிவிட்டுக் காத்திருக்கிறான். கதவுக்குப் பின்னால் யார் என்பதை நாமே போட்டு நிரப்பிக்கொள்கிறோம். இதைக் கண்டுபிடித்ததில் எனக்கு ஒரு கர்வம் இருந்தது.

என்னிடம் படித்த ஒருவர் டவுனில் கல்யாண வீடியோ எடுக்கிறார். நாற்பதை நெருங்கியவர். குறும்படப் போட்டி ஒன்று வந்தபோது என்னைத் தேடி வந்தார்.

"லைட் இல்ல, நடிக்க ஆள் இல்ல. என்னத்த சேர் எடுக்கிறது?"

"பகல்ல எடுப்போம். பனிமூட்டம் சும்மாதானே கிடக்கு" என்றேன்.

ஸ்பிரிங்வெளிப் பாதையில் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குப் போனோம். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைமடுவம் அங்கே தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு மேலே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை. கூரை மரத்தில் வரிசையாகச் சேலைத் தொட்டில்கள், ஒன்றிலும் பிள்ளை இல்லை. பனி ஜன்னல் வழியாக உள்ளே வந்துகொண்டிருந்தது. கதை அப்போதே என் மனதில் முடிந்துவிட்டது: செத்துப்போன ஆயா ஒருத்தி இன்னும் தொட்டில் ஆட்டுகிறாள்.

அந்த மடுவத்தில் பிள்ளை பார்த்த பெண்ணுக்கு ஐம்பது தாண்டியிருக்கும். எல்லாருக்கும் அவர் ஆயாதான். சொந்தமாகக் கட்டிய தாலாட்டு ஒன்றைப் பாடுவார். ஒவ்வொரு வரியின் முடிவிலும் தொட்டிலில் கிடக்கும் பிள்ளையின் பெயர் வரும். பிள்ளை மாறினால் பெயரும் மாறும். அவர் கை பட்டு வளர்ந்தவர்கள் அந்த லயங்களில் ஏராளம். அந்தப் பாட்டைப் பதிவு செய்து வைக்கப் போகிறோம் என்று மட்டும் அவரிடம் சொன்னேன்.

அடுத்த ஞாயிறு கஞ்சி போட்ட சேலையும் பவுடருமாக வந்து நின்றார்.

"மொகம் நல்லா தெரியும்தானே சேர்?"

"முதுகு மட்டும் போதும் ஆயாம்மா. கொண்டையை அவிழ்த்து விடுங்க."

"தலைய விரிச்சுக்கிட்டா? எழவு வீடாங்க இது?"

"இப்ப அதுதான் ஸ்டைல் ஆயாம்மா" என்றார் வீடியோக்காரர்.

"ஒங்க பொண்டாட்டிய விரிக்கச் சொல்லுங்க அந்த ஸ்டைலுக்கு!" என்று சிரித்துக்கொண்டே அவிழ்த்தார்.

பிறகு நான் கேட்டதுதான் பெரிய பாவம். பாட்டில் பெயர் வரும் இடத்தை மட்டும் விட்டுவிடச் சொன்னேன்.

"பேர் இல்லாம பாடினா யாருக்குங்க சேர் பாடுறது?"

"பொதுவா இருக்கட்டும்" என்றேன்.

பாடினார். பெயர் வரும் இடத்தில் பழக்கத்தில் மூச்சை இழுத்து, வாய் திறந்து, நின்றார். வெறும் தொட்டில் ஆடியது. கமராவை ஸ்டாண்டில் ஓடவிட்டு, வாசலுக்கு வெளியே இருந்து வீடியோக்காரர் அதைத் தங்கூசி நூல் கட்டி இழுத்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் ஆயா திரும்பி, "சரியா சேர்?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பையும், ஓரத்தில் வீடியோக்காரர் தெரிந்த இடங்களையும் வெட்டிவிட்டோம். குரலின் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தோம். வேறு ஒன்றும் செய்யவில்லை.

படத்துக்கு முதல் பரிசு கிடைத்தது. மண்டபத்தில் பாட்டு நின்ற ஒவ்வொரு தடவையும் ஒருவரும் அசையவில்லை. அந்த மௌனத்தில் தாய்மார் தங்கள் பிள்ளையின் பெயரைப் போட்டுக் கேட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். அதற்காகத்தான் அந்த இடத்தை விட்டிருந்தேன். கேடயத்தைக் கொண்டுவந்து அலுமாரியில் வைத்தேன். படம் போனுக்குப் போன் போனது.

சில வாரங்கள் கழித்து, தோட்டத்துப் பக்கம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு தாய் பிள்ளைக்குப் பணிஸ் பிய்த்து ஊட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளை வாய் திறக்கவில்லை. அவள் போனை எடுத்து அமுக்கினாள். என் படத்தின் பாட்டு. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், முதலில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

"திங்கிறியா, ஆயாவக் கூப்பிடவா?"

பிள்ளை நடுங்கிப்போய் வாயைத் திறந்தது.

"ஏன் பிள்ளை, படம்தானே?" என்றேன் அந்தத் தாயிடம்.

"படமா? இது எங்க மடுவத்து ஆயா. அதுக்கிட்ட எப்படிங்க இனிப் புள்ளய விடுறது? கொரலக் கேட்டாலே கத்துதுங்க. தோட்டத்துத் தொரைகிட்டச் சொல்லி, இப்ப அத புல்லு வெட்டப் போட்டிருக்காங்க."

அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டேன்.

மறுநாள் வீடியோக்காரரைப் பிடித்துப் படத்தை எடுத்துவிடச் சொன்னேன். அவர் தன் இணையப் பக்கத்திலிருந்து எடுத்தார். "ஊரெல்லாம் இருக்கிற போன்ல எப்படி சேர் அழிக்கிறது?" என்று கேட்டார்.

கேடயத்தையும் தூக்கிக்கொண்டு ஆயாவின் வீட்டுக்குப் போனேன். கையில் புல் வெட்டிய கொப்புளங்களோடு வாசலில் உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். பேய்ப் படம் என்று தெரிந்தேதான் மறைத்தேன் என்பதையும் சொன்னேன். அவர் கேடயத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இத வச்சு நான் என்னங்க பண்றது? கதவுக்கு முட்டுக் கொடுக்கவா?"

கேடயத்தை என் பக்கமாகத் தள்ளி வைத்தார்.

"படிச்சவங்க கேக்குறீங்களேன்னு பாடினேன். பேர விடச் சொன்னப்பவே எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு." பிறகு, "எனக்கு இது வேணாம். புள்ளைங்க வரணும்" என்றார்.

ஒரு ஞாயிறு பின்னேரம் கோயில் மண்டபத்தில் வெள்ளைத் துணி கட்டி, தாய் தகப்பன் பிள்ளைகள் எல்லாரையும் கூப்பிட்டோம். ஆயாவுக்குச் சொன்ன பொய்யை அங்கே எல்லார் முன்னாலும் ஒப்புக்கொண்டேன். அதன் பிறகு வெட்டாத படத்தைப் போட்டோம். வாசலில் குந்தியிருந்து தங்கூசி இழுக்கும் வீடியோக்காரர் திரையில் வந்தார். பவுடர் பூசிய முகத்தோடு திரும்பி, "சரியா சேர்?" என்று ஆயா சிரிப்பதும் வந்தது. பிள்ளைகள் கைகொட்டிச் சிரித்தார்கள். ஒரு குட்டி ஓடிப்போய் ஆயாவின் மடியில் ஏறிக்கொண்டது. பின்னால் இருந்த இரண்டு தாய்மார் மட்டும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு எழுந்து போனார்கள்.

தொரையிடமும் போய்ப் பேசினேன். ஆயாவுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. பிள்ளைகளில் பாதிப்பேர் திரும்பி வந்தார்கள். மற்றவர்களை இன்றைக்கும் வேறு யாரோ பார்க்கிறார்கள்.

போன வாரம் மடுவத்துக்குப் போனேன். தொட்டிலில் ஒரு பிள்ளை அழுதுகொண்டிருந்தது. ஆயா சத்தமில்லாமல் ஆட்டிக்கொண்டிருந்தார்.

"பாடலியா ஆயாம்மா?"

"ஆரம்பிக்கிறேங்க சேர். பேர் வர்ற எடத்துல வாய் நின்னுடுது. அந்தப் படம் கண்ணுக்குள்ள வந்துருது. இந்தப் புள்ள பேரச் சொல்லவே பயமா இருக்கு."

பிள்ளை அழுகையை நிறுத்தவில்லை. அவர் அதைத் தூக்கித் தோளில் போட்டு முதுகைத் தட்டிக்கொண்டே வாசலுக்கும் ஜன்னலுக்குமாக நடந்தார். அது தூங்கும்வரை நான் நின்றேன். வெகுநேரம் ஆனது.