நாற்காலிக்குள் என் குரல்

பார்வையும் நடையும் இழந்தவர்களுக்காக எங்கள் குழு ஒரு மின்சார சக்கர நாற்காலி செய்திருந்தது. அதை ராயபுரம் மீன் சந்தையில் ஓட்டிப் பார்க்க ஒப்புக்கொண்டவர், அங்கே எல்லோரும் 'பாய்' என்று கூப்பிடும் ஒரு முஸ்லிம் பெரியவர். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி. எதிரில் யார் இருந்தாலும் நாற்காலி தானே உணர்ந்து நின்று, "தடை. விலகவும்" என்று உரக்கச் சொல்லும். அவர் உடனே நெஞ்சில் கை வைத்து, "மன்னிச்சுக்கோப்பா, வண்டி சொல்லுது, நான் சொல்லல" என்பார். வழியில் வந்த ஒருவரிடமும் மன்னிப்புக் கேட்காமல் விடவில்லை. நான் சிரித்துக்கொண்டே பின்னால் போனேன்.

கூடையோடு தரையில் உட்கார்ந்திருந்த மீன்காரம்மாவின் முன்னால் நாற்காலி நின்றது. "தடை. விலகவும்."

"இன்னா பாய், நான் தடையா?" என்றார் அந்த அம்மா.

இந்த முறை பாயின் கை நெஞ்சுக்குப் போகவில்லை. என் பக்கம் முகத்தைத் திருப்பினார். "வண்டில பேசுறது உன் கொரலுதானேம்மா? அப்டியே யக்கா மூஞ்சிய பாத்து சொல்லு."

அறைக்குள் உட்கார்ந்து பதிவு செய்தபோது கம்பீரமாகத்தான் சொன்னேன். இப்போது வாயில் வந்தது, "அக்கா, கொஞ்சம் வழி விடுங்களேன்" என்பதுதான். அந்த அம்மா கூடையை இழுத்துக்கொண்டார். நாற்காலி கொஞ்சம் நகர்ந்து, கூடையின் விளிம்பைக் கண்டு மறுபடி நின்றது.

"தடை. விலகவும்."

சந்தையே என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

பாய் நெஞ்சில் கை வைத்தார். "மன்னிச்சுக்கோ யக்கா, புள்ள தெரியாம பேசிட்ச்சு."