சேசம்மா டீச்சர் பனியில் நடந்தது

அம்மாவை சயான் கல்லறையில் அடக்கம் செய்தோம். மண் போட்டு முடிந்ததும் கூட்டம் கலைந்தது. சில பெண்கள் மட்டும் போகாமல் வேப்பமரத்தடியில் நின்றார்கள். எல்லோருக்கும் ஐம்பதை ஒட்டிய வயது. மே மாத வெயிலில் கழுத்தில் வேர்வை வழிய, அவர்கள் பேசிக்கொண்டிருந்தது பனியைப் பற்றி. முழங்கால் வரை புதைந்ததையும், விழுந்து எழுந்ததையும் சொல்லிச் சிரித்தார்கள். சிரித்தபடியே அழுதார்கள். அவர்களைப் பனிக்குக் கூட்டிப் போனது அம்மா. அதற்கு முதலில் அம்மா தனியாக ஒரு முறை போய்வர வேண்டியிருந்தது.

அம்மாவின் பெயர் சேசம்மாள். பம்பாய் தாராவியில் ஒரு தமிழ்ப் பள்ளியில் டிரில் டீச்சர். அப்பா நான் சிறுமியாக இருந்தபோதே இறந்துவிட்டார். 1967இல் அம்மாவுக்கு நாற்பத்தொரு வயது. நான் செம்பூரில் ஒரு தொழிற்சாலையின் டிராயிங் பிரிவில், வரைபடங்களைப் பிரதி எடுக்கும் டிரேசராக இருந்தேன்.

மாட்டுங்காவில் மலையேறும் சங்கம் ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கர்ஜத், கண்டாலா பக்கம் போவார்கள். அம்மா தன் பள்ளிப் பெண்கள் ஆறு பேரை அவர்களோடு கூட்டிப் போவாள். ஐந்து பேர் பள்ளியில் கடைசி வருஷத்தை நெருங்கிக்கொண்டிருந்தவர்கள். ஆறாவது, இசக்கி. படிப்பை நிறுத்தி ஒரு வருஷமாகத் தையல் கடையில் வேலை பார்த்தவள். சங்கத்து ஆட்கள் இமயமலைப் பக்கம் போய் எடுத்து வந்த படங்களைப் பார்த்த நாளிலிருந்து அவள்தான் அம்மாவை நச்சரித்தாள்.

"டீச்சர், எங்களையும் அங்க கூட்டிட்டுப் போங்க."

சிம்லாவுக்கு மேலே, நார்கண்டா அருகே, ஒரு பனிக்கால முகாம் நடந்தது. அம்மா சங்கத்தின் செயலாளர் நம்பிராஜனிடம் கேட்டாள். எனக்கு எதிரில்தான் பேச்சு நடந்தது.

"பொண்களைச் சேர்த்துக்க மாட்டான்னு இல்லை டீச்சர். அவாளோட போற லேடி லீடர் ஒருத்தர் முதல்ல அங்க வந்து பனியில கோர்ஸ் முடிச்சிருக்கணும். அதான் அங்க ரூல்."

"அப்படி ஒரு லேடி உங்க சங்கத்துல இருக்காவளா?"

"இல்லையே."

"அப்ப நான் போறேன்."

"நீங்களா?"

"ஏன் சார், எனக்குக் கால் இல்லையா?"

கோர்ஸின் கடைசி நாள் ஒரு சோதனை உண்டு. இரண்டிரண்டு பேராகக் காட்டுக்குள் அனுப்புவார்கள். கையில் வரைபடமும் திசைகாட்டியும். காலில் பனிக்காலணி, டென்னிஸ் மட்டையைப் பாதத்தில் வைத்துக் கட்டியது போல் இருக்கும். பனியில் புதையாமல் நடப்பதற்கு. நான்கு இடங்களில் சிவப்புக் கொடி கட்டியிருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு தகர வில்லை. நான்கையும் எடுத்துக்கொண்டு இருட்டுவதற்குள் சொந்தக் காலில் திரும்ப வேண்டும். உதவிக்கு விசில் ஊதினால் ஆள் வரும். ஆனால் தேர்ச்சி கிடையாது.

இந்த ஜனவரியில் அம்மா தேறினால் அடுத்த ஜனவரியில் பெண்கள் போகலாம். தேறாவிட்டால் அதற்கடுத்த வருஷம் என்று ஒன்று அவர்களுக்கு இல்லை. அதற்குள் எல்லோரையும் வேலைக்கோ கல்யாணத்துக்கோ அனுப்பிவிடுவார்கள். அம்மாவுக்கு இது நன்றாகத் தெரியும்.

உடுப்பு தேட, பழைய சாமான் விற்கும் சோர் பஜாருக்குப் போனோம். கடைக்காரர் பட்டாளத்து ஓவர்கோட் ஒன்றை எடுத்துப் போட்டார். கனமான கம்பளி. அம்மா புடவைக்கு மேல் அதை மாட்டினாள். நடுத்தெருவில் நின்று இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினாள். குனிந்தாள். உட்கார்ந்து எழுந்தாள். ஆட்கள் கூடிவிட்டார்கள்.

"அம்மணி, கோட் வாங்க வந்தீங்களா, குஸ்தி போட வந்தீங்களா?" என்று கடைக்காரர் இந்தியில் கேட்டார்.

"கை மேல போகலையே சேட். கை போகலைன்னா கோட் எதுக்கு?" அம்மாவின் இந்தியில் பாதி திருநெல்வேலித் தமிழ்.

கோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மெல்லிய கம்பளி ஸ்வெட்டர் இரண்டும் ஆண்கள் போடும் கம்பளிக் கால்சட்டை ஒன்றும் எடுத்தாள். மேலே போட, மழைக்கோட்டுத் துணியில் சட்டை ஒன்றை இசக்கியே தைத்துக் கொடுத்தாள். காற்று புகாத துணி வெளியே, கம்பளி உள்ளே. சூடு ஏறினால் ஒன்றைக் கழற்றலாம். ஓவர்கோட்டை அப்படிக் கழற்றி மடித்து முதுகில் போட முடியாது. கணக்கு எனக்குச் சரியாகப் பட்டது.

பூட்ஸ் தைத்தது எங்கள் தெரு லாசர்.

"உங்க காலு அஞ்சு டீச்சர். ஆறு கேக்குறிய. உள்ள வெரலு ஆடுமே?"

"ஆடணும் அண்ணாச்சி. ரெண்டு சாக்ஸ் போடணும், அதுக்கு மேலயும் வெரலு ஆடணும். ஆடலைன்னா மரத்துப்போகுமாம்."

அடுத்த வீட்டுப் பேராச்சி, அம்மா கால்சட்டையைப் போட்டுப் பார்த்ததைப் பார்த்துவிட்டாள்.

"டீச்சரக்கா, இது என்ன கோலம்? பாதிரியாரு பாத்தா பூசைக்கு உள்ள விடுவாரா?"

"பூசைக்குச் சேலைதான்ட்டி கட்டுவேன். பனிக்குச் சேலை ஆகாது, நனைஞ்சா வெறைச்சுப்போகும்."

"அங்க போயி யாருக்கு டிரில் சொல்லிக் குடுக்கப் போறிய? கரடிக்கா?"

"வரிசையா நின்னா கரடிக்கும் சொல்லிக் குடுப்பேன்."

பெட்டியை நான்தான் கட்டினேன். கடைசியாக அம்மா ஒரு பாட்டில் தேங்காய் எண்ணெயை உள்ளே வைத்தாள். தலைக்கு என்று நினைத்தேன். தலைக்கு மட்டும் இல்லை. பம்பாய் மழையில் தோல் சாமானில் பூஞ்சை பிடிக்கும். தாராவியில் எல்லோரும் செருப்புக்கும் பெல்ட்டுக்கும் தேங்காய் எண்ணெய்தான் தடவுவார்கள். தோல் மெத்தென்று ஆகிவிடும்.

முகாமில் நடந்ததை அம்மாவும் ஷ்யாமளாவும் பல முறை சொல்லியிருக்கிறார்கள். ஷ்யாமளா மாட்டுங்காக்காரி, பாங்கில் கிளார்க், அம்மாவைவிடப் பதினெட்டு வயது இளையவள். சங்கத்திலிருந்து போனவர்களில் இவர்கள் இருவர் மட்டுமே பெண்கள். அதனால் ஜோடி சேர்த்துவிட்டார்கள்.

சோதனைக்கு முந்தின மாலை எல்லோரும் கணப்படுப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அம்மா தங்கள் இருவரின் பனிக்காலணிகளையும் எடுத்து வைத்து, தோல் வார்களுக்கெல்லாம் எண்ணெய் ஊற்றித் தேய்த்தாள். சூட்டில் தோல் எண்ணெயைக் குடித்தது. பட்டுபோல் வளைந்தது. "பாத்தியா" என்று ஷ்யாமளாவிடம் காட்டினாள். பிறகு காலணிகளை விதிப்படி வெளியே சாய்த்து வைத்தார்கள்.

காலையில் வார்கள் வெள்ளை படிந்து கட்டைபோல் நின்றன.

"என்ன டீச்சர் இது? பொரிக்காத அப்பளம் மாதிரி நிக்கறது!"

அம்மா பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்தாள். ஒரு சொட்டு விழவில்லை. பயிற்சியாளர் நேகி, பட்டாளத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர், வாரை மோந்து பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார்.

"மேடம், இந்தக் குளிரில் உங்கள் எண்ணெயும் தூங்கிவிட்டது" என்றார். மாற்று வார் இல்லை. "இப்படியே போக முடியுமா?"

அம்மா தலையாட்டினாள்.

முதல் கொடி சுலபமாகக் கிடைத்தது. இரண்டாவதற்குப் போகும்போது ஷ்யாமளாவின் வலது வார் பக்கிளிலிருந்து வழுக்கத் தொடங்கியது. இறுக்கினால் வளையவில்லை, வளைத்தால் வழுக்கியது. பத்தடிக்கு ஒரு தரம் காலணி கழன்று, கால் தொடை வரை உள்ளே போனது.

"உங்க எண்ணெய்க்கு ஒரு நமஸ்காரம் டீச்சர்."

"திட்டு பிள்ள, நல்லாத் திட்டு. கால மட்டும் இங்க குடு."

அம்மா கழுத்திலிருந்த விசிலின் கயிற்றைக் கழற்றினாள். விசிலைப் பையில் போட்டுக்கொண்டு, கயிற்றால் பூட்ஸைக் காலணியோடு குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினாள். அது நின்றது. ஆனால் நேரம் போய்விட்டது. மூன்றாவது வில்லையை எடுக்கும்போது மற்ற ஜோடிகளின் குரல்கள் கீழே முகாம் பக்கம் கேட்டன.

அப்போது மேகம் இறங்கியது. முன்னால் நின்ற தேவதாரு மரம் தெரிந்தது, அதற்கப்பால் எதுவும் தெரியவில்லை. மேலும் வெள்ளை, கீழும் வெள்ளை. ஷ்யாமளாவுக்குப் பல் கிடுகிடுத்தது.

"டீச்சர், விசில் ஊதிடலாம்."

அம்மா கையிலிருந்த மூன்றாவது வில்லையைப் பையில் போட்டாள்.

"உங்க பொண்கள் விஷயம் தெரியும். ஆனா இங்க தொலைஞ்சுபோனா யார் பதில் சொல்றது?"

"நீ சொல்றது சரி" என்றாள் அம்மா. "படத்த எடு. ஒரு தரம் பாப்போம். ஆகலைன்னா நானே ஊதுதேன்."

கடைசிக் கொடி ஓர் ஓடையின் மேல் போட்ட மரப்பாலத்தில் இருந்தது. அவர்கள் நின்ற சரிவின் கிழக்கே அந்த ஓடை, மேலிருந்து கீழாக நெடுகப் போனது. பாலத்துக்கு நேராகத் திசை பிடித்து நடக்கலாம் என்றாள் ஷ்யாமளா. திசைகாட்டியைப் பிடிப்பதில் அவள் கெட்டி.

"நேராப் போயி ஓடைக்கு வந்துட்டோம், பாலத்தக் காணோம்னு வையி. மேல போகணுமா, கீழ போகணுமா?"

"தெரியாது."

"தாராவிக்குள்ள முதல் தரம் வாரவுக கிழக்க நடந்தா ரயில் லைன் வரும். ஆனா சயான் ஸ்டேஷன் எந்தப் பக்கம், மாட்டுங்கா எந்தப் பக்கம்னு முழிச்சிட்டு நிப்பாங்க. நாங்க மாட்டுங்கா போகணும்னா சந்துக்குள்ள பூந்து வேணும்னே சயான் பக்கம் ஒதுங்கித்தான் போவோம். லைன் வந்ததும் யோசிக்க வேண்டாம். வலது கைப் பக்கம் திரும்பினா மாட்டுங்கா தன்னால வரும்."

ஷ்யாமளா அவளையே பார்த்தாள். "நேத்து நேகி சார் இந்தியில இதைத்தான் சொன்னார் டீச்சர்! வேணும்னே தள்ளிக் குறி வைன்னார். எதுக்குன்னு எனக்கு ஏறவே இல்லை."

"எனக்கு அவர் பேசுன இந்தியே ஏறலை."

பாலத்துக்கு நன்றாக மேலே குறி வைத்தார்கள். ஷ்யாமளா திசை சொன்னாள். அம்மா முன்னால் நடந்து ஒரு மரத்தைத் தொட்டுக்கொண்டு நின்றாள். ஷ்யாமளா அங்கே வந்து அடுத்த மரத்தைக் காட்டினாள். அப்படியே மரம் மரமாக. முதலில் வேர்த்தது, பிறகு குளிர்ந்தது. ஒரு இடத்தில் மரங்கள் விலகி, வழவழப்பான வெள்ளைப் பாதை ஒன்று தெரிந்தது. அம்மா சந்தோஷமாக அதில் கால் வைக்கப் போனாள்.

"டீச்சர், வேண்டாம்!" ஷ்யாமளா அவள் பையைப் பிடித்து இழுத்தாள். "அது ரோடு இல்லை. காதைக் குடுத்துக் கேளுங்கோ."

பனிக்கடியில் தண்ணீர் ஓடும் சத்தம். அதுதான் ஓடை.

கரையிலிருந்து தள்ளியே, ஓடையை இடது கைப் பக்கம் வைத்துக்கொண்டு இறங்கினார்கள். பாலம் வரவில்லை. இன்னும் இறங்கினார்கள். வெளிச்சம் சாம்பல் நிறமாயிற்று. அம்மா பைக்குள் கைவிட்டு விசிலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அந்த நேரத்தில் ஆறு பேரின் முகமும் தெரிந்தது என்று என்னிடம் ஒரு முறை சொன்னாள். சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிட்டாள்.

பாலத்தின் கைப்பிடியில் முதலில் முட்டியது ஷ்யாமளாதான். கொடி அவள் முகத்தில் உரசியது.

பாலத்திலிருந்து முகாமுக்குக் கழுதைப் பாதை இருந்தது. கடைசி ஜோடியாக வந்து சேர்ந்தார்கள். நேகி லாந்தரைக் கையில் எடுத்துக்கொண்டு தேடப் புறப்பட்டுக்கொண்டிருந்தார், இன்னும் ஏற்றவில்லை. அம்மா நான்கு வில்லைகளையும் அவர் கையில் வைத்தாள். அவர் முதலில் இருவரின் பூட்ஸையும் கழற்றச் சொல்லி, விரல்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்தார்.

"இருட்டிவிட்டது என்று சொல்ல முடியாது" என்றார். "எத்தனை பெண்களைக் கூட்டி வருவீர்கள்?"

"ஆறு."

"ஒரு லீடருக்கு ஐந்து பேர்தான் விதி."

அம்மா ஷ்யாமளாவைப் பார்த்தாள். ஷ்யாமளா மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"நானும் பாஸ்தானே சார்? ரெண்டு லீடர்" என்றாள் இந்தியில்.

அம்மா பம்பாய் திரும்பிய அன்று மாலையே இசக்கி வீட்டுக்குப் போனாள். நானும் கூடப் போனேன். இசக்கியின் அப்பா வெயிலுமுத்து பட்டறையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார்.

"அடுத்த தைக்குள்ள கல்யாணத்த முடிக்கணும்னு இருக்கேன் டீச்சரம்மா. மாப்பிள்ள வீட்டுல பேசிக்கிட்டிருக்கோம்."

"பேசுங்க அண்ணாச்சி. நல்லா நடக்கட்டும். தைய விட்டு மாசியில வைங்க."

"எதுக்கு?"

"தையில அவளுக்கு மலையில ஜோலி இருக்கு."

வெயிலுமுத்து மகளைப் பார்த்தார். இசக்கி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மூச்சு விட்டாளா என்று தெரியவில்லை.

"மாப்பிள்ளை வீட்டுக்காரனுவ கேட்டா நீங்கதான் பதில் சொல்லணும்" என்றார் கடைசியில்.

அவர்கள் கேட்டார்கள். அம்மா போய்ச் சொன்னாள்.

இசக்கியின் கல்யாணம் அடுத்த மாசி பிறந்ததும், ஆறு பேரும் முகாமிலிருந்து திரும்பிய இரண்டு வாரத்தில் நடந்தது. பனியில் பட்டுத் திரும்பிய வெயிலில் மணப்பெண்ணின் மூக்கும் கன்னமும் கறுத்துத் தோல் உரிந்திருந்தன. எவ்வளவு மஞ்சள் பூசியும் மறையவில்லை. யார் கேட்டாலும் முகத்தை நிமிர்த்திக் காட்டினாள்.